கொண்டையில் செருகிய பென்சில்

நான் வேலை பார்க்கும் நூலகத்துக்குப் புத்தூர்ப் பக்கத்து வெங்காயத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா ஸ்கூட்டரில் வருவார். கக்கத்தில் ஹெல்மெட், கொண்டையில் பென்சில், செருப்பில் செம்மண். எடுப்பது ஒரே தொடரைத்தான். விண்வெளி முழுவதையும் அடக்கியாளும் பேரரசை எதிர்த்துச் சின்னச் சின்னக் கலங்களில் கிளம்பும் கலகக்காரரின் கதை அது, தமிழில் மொழிபெயர்த்தது.

ஐந்தாம் பாகத்தை அவர் திருப்பித் தந்த அன்று புரட்டிப் பார்த்தேன். சண்டைக்குப் புறப்படுகிறவர்கள் "நான் போகிறேன்" என்று சொல்லும் இடமெல்லாம் பென்சிலால் வெட்டி, மேலே, போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் "போட்டு வாறன்" என்று எழுதியிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்னக்கா இது? நூலகப் புத்தகமெல்லோ!"

"ஓம் தங்கச்சி, பிழைதான். ஆனால் சண்டைக்குப் போற பிள்ளையள் 'போறன்' எண்டு சொல்லலாமோ? பிறகு எப்பிடித் திரும்பி வருங்கள்?"

"எழுதினவர் சாக்காட்டினால் உங்கடை பென்சில் என்ன செய்யும்?"

"உதிலை மூண்டு பேர் திரும்பி வந்திட்டினம்" என்றார், தானே போய்க் கூட்டிவந்தவர் போல.

அவர் வீட்டிலிருந்து யார், என்ன சொல்லிவிட்டுப் போனார்களோ, நான் கேட்கவில்லை. அழிறப்பரைக் கையில் எடுத்தேன். அழிக்க மனம் வரவில்லை.

ஆறாம் பாகம் நேற்று வந்தது. அலுமாரியில் அடுக்குமுன் புரட்டினேன். முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "நான் போகிறேன்" என்கிறாள். சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மேசை லாச்சியைத் திறந்து பென்சிலை எடுத்தேன்.