சீலன் நடந்து பார்க்காத தடம்

வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில் என் தம்பி கொக்கட்டிச்சோலையிலிருந்து அழைத்தான். அலுவலக நேரத்தில் அவன் என்னை அழைப்பதில்லை. "அண்ணன், உங்கட கூட்டாளி சீலன் எங்கட வயல் வட்டைக்குப் பக்கத்தில விழுந்து கிடக்கார். மூச்சு இரிக்கு, கூப்பிட்டாக் கதை இல்லை. அம்புலன்சுக்குச் சொல்லிட்டன், நீங்க ஆசுபத்திரிக்கு வாங்க" என்றான். அதற்கு நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "சைக்கிள் உடைஞ்சு போச்சா?" என்று கேட்டேன். சைக்கிளில் ஏதோ பழுது இருந்துதான் சீலன் விழுந்தான் என்று நினைத்ததால் அப்படிக் கேட்டேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அந்தச் சைக்கிளை மறுநாள் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலையில், ஒரு தடவைகூடக் கண் திறக்காமல், சீலன் போய்விட்டான்.

அன்ரன் ஜெயசீலன். செட்டிபாளையத்துக்காரன். கல்குடாவில் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டவர்களைச் சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டும் வேலை. ஆனால் உங்களில் பலருக்கு அவனை எங்கள் இணையப் பக்கத்தின் வழியாகத்தான் தெரியும். புதிதாக வரும் சைக்கிள்களைக் கரடுமுரடான நிலத்தில் ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று தமிழில் சொல்லும் பக்கம் அது. ஓட்டியது அவன், எழுதியது நான். எனக்குச் சைக்கிளில் கடைக்குப் போய்வரத் தெரியும், அவ்வளவுதான். என் எழுத்தைப் பார்த்து என்னைப் பெரிய ஓட்டக்காரன் என்று நினைத்து, எந்த டயர் போடலாம் என்று எனக்கு எழுதிக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கடிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சீலன் வயிறு நோகச் சிரிப்பான்.

முதன்முதல் நாங்கள் ஒரு சைக்கிளைச் சோதிக்கப் போன நாள் நினைவிருக்கிறது. பாறைக்குக் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு, கையில் ஒரு தடியோடு அவன் மேலே நடக்கத் தொடங்கினான். ஒரு மணித்தியாலம் ஆகியும் ஆள் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. காலில் முள் தைத்த இரத்தத்தோடு இறங்கி வந்தவனிடம், "சைக்கிள் ஓட வந்தியா, நேர்த்திக்கு நடக்க வந்தியா?" என்று எரிந்து விழுந்தேன். "சைக்கிளுக்குக் கண் இல்லை மச்சான். நான் நடந்து பாத்தாத்தான் அதுக்குக் கண் வரும்" என்றான். பிறகு என்னைக் கூட்டிப்போய், ஈரத்தில் யானை மிதித்துக் காய்ந்துபோன குழி ஒன்றைக் காட்டினான். முன்சக்கரம் முழுதாக உள்ளே போகும் அளவு குழி. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுத்தான் ஓடப் போனான். அதற்குப் பிறகு எந்தத் தடத்தையும் நடந்து பார்க்காமல் அவன் ஓடியதில்லை. நேற்று ஓடிய தடமாக இருந்தாலும் இன்றைக்கு மறுபடி நடப்பான்.

ஓடி முடித்ததும் குரல் பதிவு அனுப்புவான். அதை வைத்து நான் எழுதுவேன். எங்கள் சண்டையெல்லாம் அதில்தான். ஒரு தடவை, "காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது" என்று எழுதிவிட்டேன். உடனே அழைத்தான். "காத்து எப்ப மச்சான் கிழிஞ்சது? சைக்கிள் குலுங்கினது. குலுங்கினது எண்டு எழுது." எனக்கு ரோசம் வந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, குலுங்கியது என்றே எழுதினேன்.

கடைசியாக வந்தது எண்டியூரோ வகைச் சைக்கிள். மேட்டில் மிதித்து ஏறவும் வேண்டும், பாறைகளிலே வேகமாக இறங்கவும் வேண்டும் என்று செய்யப்பட்டது. கார்பன் சட்டகம், முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் நீளமான ஷொக், கைப்பிடியில் ஒரு விசையைத் தட்டினால் ஓடும்போதே தாழ்ந்துகொள்ளும் சீட். கொழும்பு இறக்குமதியாளர் இரண்டு கிழமைக்குத் தந்திருந்தார். குருக்கள்மடத்தில் வாவியைக் கடக்கும் மிதவையில் அதை ஏற்றியபோது, வலையோடு நின்ற ஒருவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு பெரிய டயரைப் போட்டிருக்கியள், இதில மோட்டர் எங்க?" என்று கேட்டார். "மோட்டர் நான்தான் அண்ணன்" என்றான் சீலன். அக்கரை போய்ச் சேரும்வரை மிதவையில் இருந்தவர்கள் அவனை மோட்டர் என்றே கூப்பிட்டார்கள்.

சைக்கிள் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் தேர்ந்தெடுத்தது, கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே பாறைகளிலிருந்து வயல் வெளிக்கு இறங்கும் ஒரு மாட்டுத் தடம். என் தம்பி வேளாண்மை செய்யும் வட்டையின் ஓரத்தில்தான் அது முடிகிறது. அறுவடை முடிந்து மாடுகள் வயலில் மேய்ந்துகொண்டிருந்த காலம். வழக்கம்போல நடந்து பார்த்து, மூன்று தடவை அவசரப்படாமல் ஆறுதலாக ஓடிவிட்டுப் பதிவு அனுப்பினான். அதை இப்போதும் வைத்திருக்கிறேன். "ஏத்தத்தில கொஞ்சம் பாரம். பிரேக் நல்ல திறம். இறக்கத்தில கல்லெல்லாம் இல்லாத மாதிரி இரிக்கு, அதுதான் எனக்குப் பயம். இருபதில போற மாதிரித் தெரியும், குனிஞ்சு பாத்தா நாப்பது. வேகத்தை மறைக்கிற சைக்கிள் இது. இதை முதல் வரியில எழுது."

நான் எழுதினேன். இறக்குமதியாளருக்கு அது பிடிக்கவில்லை. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் எப்படி இந்தத் தீர்ப்பு என்று அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பினார். அவர் கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவு நல்ல சைக்கிளைப் பற்றி அவ்வளவு அடங்கிய கட்டுரை எழுதுவது எனக்குச் சப்பென்று இருந்தது. அன்றைக்கே சீலனை அழைத்து, வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் இறங்கச் சொன்னேன். வியாழன் காலை மட்டும்தான் தனக்கு ஓய்வு என்றும், மத்தியானம் கல்குடாவில் வேலைக்கு நிற்க வேண்டும் என்றும் சொன்னான். நடந்து பார்க்க நேரம் போதாது என்றான். நான் விடவில்லை. "ஒன்பது நாளைக்கு முதல்தானே நடந்தாய்? தடம் எங்க ஓடிப்போகப் போகுது?" என்றேன்.

இதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தம்பி என்னோடு தொலைபேசியில் பேசியிருந்தான். பெரும்போக நெல் வேளாண்மைக்கான ஆரம்பக் கூட்டம் முடிந்துவிட்டதாம். விதைப்புக்கு நாள் குறித்து, அதற்கு முன் வயலில் நிற்கும் மாடுகளை மேய்ச்சல் தரைக்கு ஓட்டிவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்களாம். "மாடெல்லாம் போயிட்டு அண்ணன். திரும்பி வராம மாட்டுத் தடத்தையும் கட்டிட்டம்" என்றான். "மழை எப்பிடி?" என்று கேட்டேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். விதைப்பு வந்தால் மாட்டுத் தடத்தின் வாயில் முள்ளுக்கம்பி ஏறும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். கடற்கரைப் பக்கத்தில் வளர்ந்த சீலனுக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்கு அது வயல் கதை, சீலனிடம் பேசியது சைக்கிள் கதை. இரண்டும் ஒரே தடம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

தடம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு. பற்றைக்காட்டு நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் இடம். இரண்டு மரங்களுக்கு நடுவே நான்கு வரிக் கம்பி. அவன் பிரேக் பிடித்த அடையாளம் ஆறு காலடித் தூரத்துக்கு மண்ணில் இருந்தது. தலைக்கவசம் போட்டிருந்தும் கல்லில் விழுந்த விசையை அது தாங்கவில்லை. ஆசுபத்திரி வாசலில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே அண்ணன் கட்டினன். ஒரு துணியையாவது தொங்கவிட்டிருக்கலாம்" என்று அழுதான். உன்னில் பிழையில்லை என்று சொன்னேன். அது யாருடைய பிழை என்று அவனிடம்கூடச் சொல்லவில்லை.

செத்த வீட்டில் எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். கோயிலில் பேசிய ஒருவர் அவனைச் சாகசப் பிரியன் என்றார். பந்தலில், "வேகப் பைத்தியம், இப்பிடித்தான் முடியும்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாறைக்கு நடந்து ஏறி, குழிக்குக் குழி கல் வைத்தவனைப் பற்றி அப்படிச் சொன்னார்கள். எழுந்து நின்று மறுக்க வேண்டியவன் நான். மறுத்தால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்று பயந்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவிக்கொண்டிருந்தேன். சீலனின் மனைவி ஜெனி கிணற்றடிக்கு வந்தாள்.

"அண்ணன், ஒரு விசயம் கேக்கணும். அவர் நடந்து பாக்காம ஒரு நாளும் ஓடினதில்லை. அண்டைக்கு ஏன் ஓடினவர்? முதல் நாள் எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டை. அந்தக் கோபத்தில போனாரோ எண்டு நினைச்சு நினைச்சு நான் சாகிறன்."

முப்பத்தொரு நாளாக நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்னை. அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தவள் இவள்.

"நான்தான் போகச் சொன்னன், தங்கச்சி. நடக்கத் தேவையில்லை எண்டும் நான்தான் சொன்னன். தடத்தைக் கட்டினது எனக்குத் தெரியும். எனக்கு ஞாபகம் வரல்ல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"'நீ சொன்னாச் சரி மச்சான்' எண்டான். சிரிச்சான்."

"சிரிச்சவரா?"

"ஓம்."

கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என்னில கோபம் இல்லை" என்று தனக்குள் சொன்னாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒரு மாசமா என்னை இப்பிடி விட்டுட்டீங்களே, அண்ணன். எனக்குச் சொன்ன மாதிரியே எல்லாத்தையும் எழுதுங்க. அவர் வேகப் பைத்தியம் இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியட்டும். மறுகா, கொஞ்ச நாளைக்கு எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க."

எழுதிவிட்டேன். சீலனைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். சீலனிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அவன் கடைசியாகச் சொன்ன அந்த நான்கு சொற்கள். நீ சொன்னாச் சரி மச்சான். கல்லையும் மண்ணையும்கூடக் காலால் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவன், என்னை அப்படியே நம்பினான். ஜெனி வீட்டுப் பக்கம் நான் இன்னும் போகவில்லை.