மூன்று பாயிண்ட் இடைவெளி

போன வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தோஹாவிலிருந்து பழைய ஸ்டோர்கீப்பர் ரஹ்மத்துல்லா பேசினார். "மிக்கேல் எறந்துட்டாராம் தம்பி. நெஞ்சு வலியாம். நேத்தே ஊர்ல அடக்கம் முடிஞ்சிருச்சு" என்றார். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். ஷார்ஜாவில் என் வீட்டு மேசையில் சாதம் ஆறிப்போனது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஐந்து வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவன் நான். இனி உங்களிடம்தான் சொல்ல முடியும்.

தோஹா தொழில்பேட்டையில் எங்களோடு இருந்தவர்களுக்கு மிக்கேல் அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளிக்கு, அதாவது எங்கள் கஃபீலுக்குச் செகரட்டரி. பர்ச்சேஸ் கிளார்க்கான நான் பக்கத்து மேசை. லீவில் ஊருக்குப் போவதானாலும் விசா கேன்சலில் ஒரேயடியாகப் போவதானாலும், நாங்கள் எழுதும் கடிதத்தில் கஃபீலின் கையெழுத்து விழ வேண்டும். அது விழாமல் ஏர்போர்ட் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பாஸ்போர்ட்டெல்லாம் கஃபீலுடைய இரும்பு அலமாரியில் இருந்தன.

கஃபீல் எழுபதை நெருங்கிய மனிதர். இளமையில் எண்ணெய்க் கிணற்றில் வெள்ளைக்காரர்களோடு வேலை செய்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. தானே படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார், அடுத்தவர் படித்துக் காட்டவும் விட மாட்டார். ஒரு கோடைக்காலம் முழுக்க எங்கள் கடிதங்கள் அப்படியே திரும்பி வந்தன. கல்நெஞ்சக்காரன் என்று கேம்ப் முழுவதும் திட்டியது. எஞ்சினியர் ஒருவர் கெட்டிக்காரத்தனமாகப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தார். "நான் என்ன குருடனா?" என்று கேட்டு அதைக் கிழித்துப் போட்டார் கஃபீல்.

அன்று மாலை மிக்கேல் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "மக்கா, அவரு வெரல எங்க வைக்காருன்னு பாத்தியா? வார்த்த முடியுத எடத்துல வைக்காரு. எது எங்க முடியுதுன்னு கண்ணுக்குப் பிடிபடல்ல, கேட்டியா. கல்நெஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பிறகு ஒரு கடிதத்தைத் திரையில் திறந்தார். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி வரிகளை இழுத்துக் கட்டியிருந்ததை எடுத்துவிட்டார். எழுத்துகளைத் தொடவே இல்லை. சொற்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மூன்று பாயிண்ட், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, கூடுதலாக அகலமாக்கினார். அச்சடித்து வந்த தாளில் பெரிதாக எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது.

"எழுத்தப் பெருசாக்கினா ஆளச் சின்னதாக்கின மாதிரி. இது யாரு கண்ணுலயும் படாது. நீயும் சொல்லப்பிடாது" என்றார்.

மறுநாள் கோப்பிலிருந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்திருந்தது. கஃபீலுக்கு மனம் இளகிவிட்டது என்று கேம்ப்பில் இருந்த நீங்கள் பேசிக்கொண்டீர்கள். சிலர் நேர்ந்துகொண்டது பலித்தது என்றீர்கள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பால் இல்லாத சுலைமானி டீ குடித்தார்.

ஊருக்கெல்லாம் கதவைத் திறந்தவருக்குத் தன் கதவு திறக்கவில்லை. கேன்சல் கேட்டு அவர் எழுதிய கடிதத்தைக் கஃபீல் நிதானமாக, ஒரு சொல் விடாமல் படித்தார். "மிக்கேல், மாஃபி, கிடையாது. நீ அடிக்கும் கடிதம்தான் நேராக இருக்கிறது. உன்னைப் போல் ஒருவனைக் காட்டிவிட்டுப் போ" என்றார். முந்தைய செகரட்டரி லீவில் போய்த் திரும்பாததால் லீவும் கிடையாது. மிக்கேல் அண்ணன் மகளைப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது. வரவிருந்த மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுனும் முக்காடும் சூக் கடைத்தெருவில் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அவளுடைய அளவு தெரியாததால் பெரிதாகவே வாங்கியிருந்தார்.

அவர் காட்டிய ஆள் நான். ஜனவரியிலிருந்து பாதிக் கடிதங்களை நான் அடித்தேன், மூன்று பாயிண்ட் வைத்து. கஃபீல் மறுக்காமல் கையெழுத்திட்டார். "மே மாசத்துக்குள்ள ஒன்னிய ஒத்துக்கிடுவாரு மக்கா" என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். எனக்கோ பயம். அந்த நாற்காலியில் முழுதாக உட்கார்ந்துவிட்டால் அடுத்த மிக்கேல் நான்தான். என் கடிதமும் நேராக இருக்கும், எனக்கும் மாஃபி. கஃபீல் என் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அன்றே, போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள், விசா வேலைகளுக்காக அரசு ஆபீஸ்களுக்குப் போகும் மந்தூப் தொழுகைக்குப் போயிருக்க, அவருக்காக அண்ணன் கீழே காத்திருந்த நேரத்தில், ஸ்டோர் கம்ப்யூட்டரில் என் கேன்சல் கடிதத்தை அடித்தேன். பயத்தில் இடைவெளியெல்லாம் மறந்தே போனது. வந்தபடி அச்சடித்து, கோப்பின் நடுவே செருகினேன். கோப்பை உள்ளே கொண்டுபோவது அண்ணன்தான். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. மறுநாள் கையெழுத்தோடு வந்தது. செகரட்டரி வேலைக்கு இன்னும் பேர் மாறாத சாதாரண கிளார்க் நான், கஃபீல் விட்டுவிட்டார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

கிளம்பும் அன்று அண்ணன் கேம்ப் வாசல் வரை வந்தார். பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தார். "பைய போ" என்றார். ஏர்போர்ட்டில் காகிதங்களைச் சரிபார்க்கும்போதுதான் அந்தக் கடிதத்தை நிதானமாகப் பார்த்தேன். நான் அச்சடித்த தாள் இல்லை அது. அதே வாசகம், அதே தேதி. சொற்களுக்கு நடுவே மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தது. நான் ஓடிப்போகிறேன் என்று தெரிந்தே, அவர் உட்கார்ந்து அதை மறுபடி அடித்திருக்கிறார்.

காட்ட வேறு ஆள் இல்லாமல், மே மாதம் அவர் போகவில்லை. அதற்கு அடுத்த மே மாதமும் போகவில்லை. கஃபீல் இரண்டு கண்களுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தபின் எல்லார் கடிதமும் அவருக்கு நேராகத் தெரிந்தது. அந்த மாதமே மிக்கேல் அண்ணனை விட்டுவிட்டார்.

ஊர் போனபின் ஒரு தடவை போன் செய்தேன். "அண்ணே, அந்த லெட்டரு..." என்று இழுத்தேன்.

"ஒரே ஒட்டலாக் கெடந்துது மக்கா. அப்பிடியே உள்ள போயிருந்தா திரும்பில்லா வந்திருக்கும்" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "இன்னா, பாப்பாகிட்ட பேசு. இவளுக்கு அடுத்து வந்த உறுதிபூசுதலுக்கு கோயில்ல நான் இருந்தேன் கேட்டியா" என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டார். அவள், "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். நல்லா இருக்கிறேன் என்றேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றுதான். நேற்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தேன். அரபிதான் தன் அப்பாவை விடவில்லை என்று இத்தனை வருடமும் அவள் நினைத்திருப்பாள். புதுநன்மை அன்று அவர் உன் பக்கத்தில் நிற்காததற்குக் காரணம் நான் என்று எழுதினேன். அவள் ஒரு சொல்லையும் தாண்டிப் போய்விடக் கூடாது. இடைவெளிகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, மூன்று பாயிண்ட் வைத்து, அச்சடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.