துரைக்குப் போனில் ஊட்டியவள்

நோயாளிகளின் வீட்டுக்கே போய் அவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. என்றாலும் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மாதான். புரட்டிப் படுக்க வைப்பாள், துடைத்துவிடுவாள், வாயைத் திறக்க மாட்டேன் என்பவர்களைச் சாப்பிட வைப்பாள். அந்தக் கடைசி வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவளுடைய சொந்த வீடு என்பது மாடியில் ஓர் அறை. அதில் ஒரு பூனை. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத மிடுக்கு அதற்கு. அதனால் அதன் பெயர் துரை. இதுவரை பகல் வேலையாகவே பார்த்துக் காலம் தள்ளினாள். இந்த முறை இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியம்மாவோடு தங்க வேண்டியிருந்தது. சாவியை எதிர் அறை லிஃப்ட் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாளே அவன் போன் செய்தான்.

"அக்கா, என்னைக் கண்டாலே துரை கட்டிலுக்கு அடியில பூந்துக்கறாரு. நேத்து வச்ச மீன் அப்படியே கிடக்கு."

"போனை ஸ்பீக்கர்ல போட்டு தட்டுக்குப் பக்கத்துல வைப்பா. நீ தள்ளி நில்லு."

அவன் வைத்தான். அவள் பேசினாள். "வாடா என் துரை. ஒரு வாய். ஒரே ஒரு வாய். அப்புறம் தொல்லை பண்ணவே மாட்டேன்." நோயாளிகளிடம் சொல்லும் அதே பொய். கொஞ்ச நேரத்தில் சப் சப்பென்று சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் இதே கதை. பெரியம்மா படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"எனக்கு ஊட்டறப்ப இவ்வளவு கொஞ்சல் வரலையே! யாருடி அந்த மகராசன்?"

"பூனை, பெரியம்மா."

"நல்லவேளை. புருஷனோன்னு நினைச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டவரைப் பற்றி அந்தச் சிரிப்புக்கு நடுவே சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா ஊன்றுகோல் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் வேலை முடிந்தது. வரும் வழியிலேயே மீன் வாங்கி வந்து, வேகவைத்து, முள்ளெடுத்து, தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். துரை வந்தது. அவளை முகர்ந்தது. தட்டைச் சுற்றி எதையோ தேடியது. பிறகு கதவருகே போய் எதிர் அறையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"ஒரு வாய்டா."

மடியில் வைத்து ஊட்டப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் தட்டு வைத்தபடியே இருந்தது.

மாலையில் மெக்கானிக் கிரீஸ் கையோடு எட்டிப் பார்த்தான். "என்னக்கா, நீங்களே வந்த பிறகுமா சாப்பிடல?"

"ஆளு வந்தா போதாதாம்பா. துரைக்குப் போன்தான் வேணுமாம்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீங்க கொஞ்சம் வெளியில போங்கக்கா."

அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டாள்.

"வாடா என் துரை. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

சத்தமே இல்லை. பிறகு, சப் சப்.

"சாப்பிடறாருக்கா," என்று கிசுகிசுத்தான் அவன். "நிறுத்திடாதீங்க."

அவள் நிறுத்தவில்லை. படியேறி வந்த யாருக்கோ சுவரோடு ஒதுங்கி வழிவிட்டபடி பேசிக்கொண்டே இருந்தாள்.