வீடியோவில் கற்ற டிரம்ஸ்

"வீடியோ பார்த்துக் குழாயைக் கழட்டாதீங்க, கடைசியில என்னைத்தான் கூப்பிடணும்" என்று வீடு வீடாகப் புத்தி சொல்லும் பிளம்பர், தான் மட்டும் வீடியோ பார்த்தே டிரம்ஸ் கற்றார். ஆறு மாதம் பொறுத்த மனைவி, "வாத்தியார்கிட்ட போங்க, இல்லேன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

போனார். வகுப்பில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. வீட்டில் வலப்பக்கம் வைத்திருந்த, குச்சியால் அடிக்கும் வட்டப் பித்தளைத் தட்டு இங்கே இடப்பக்கம் நின்றது. திரையில் எதிரே உட்கார்ந்திருப்பவனின் இடது நமக்கு வலதாகத் தெரியும் என்ற சின்ன விஷயம் அப்போதுதான் இந்த மேதைக்கு உறைத்தது. குச்சியால் தன் மண்டையிலேயே ரெண்டு போடலாம் போலிருந்தது.

அவர் தட்டை வலப்பக்கம் நகர்த்துவதைப் பார்த்த டிரம்ஸ் டீச்சர், "நீங்க இடது கைக்காரரா?" என்றாள்.

"பிறந்ததிலேருந்தே" என்றார், மானத்தைக் காப்பாற்ற.

அவள் விண்ணப்பத்தை நீட்டினாள். பேனாவை இடது கையில் பிடித்து, கோழி கிண்டியது போலப் பெயரையும் தொழிலையும் எழுதி முடித்தார்.

"பிளம்பரா? நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது, சாயங்காலம் வந்து பாருங்க."

சரியென்று தலையாட்டிவிட்டு வந்தவர், பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, இடது கையால் திருகிப் பழகிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.