சினிமாவில் வேலை செய்தவர்

2003ஆம் ஆண்டு மாரிகாலத்தில் பலெர்மோவில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எழுபத்தெட்டு வயது ஆங்கிலேயர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வியா மக்வேதாவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாம் மாடி வீடு. அவருடைய மனைவி இந்த ஊர்க்காரி, இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனவர். அந்த அம்மாவின் தமக்கை மகள் பொலிதேயாமா பக்கம் வழக்கறிஞராக இருந்தார். அவர்தான் என்னை வேலைக்கு எடுத்தவர். பெர்மெசோவை, இங்கே தங்கியிருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க எனக்கு ஒரு வேலைப் பத்திரம் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது. அதனால் அதிகம் விசாரிக்கவில்லை. இவர் முன்பு என்ன செய்தவர் என்று மட்டும் கேட்டேன். "சினிமாவில் வேலை செய்தார்" என்றார் வழக்கறிஞர்.

என்னுடைய இத்தாலியன் அப்போது குசினிக்கும் பேருந்துக்கும்தான் போதும். சினிமா என்றால் எனக்குத் தியேட்டர். வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடமும் அப்படியே சொன்னேன்.

"டிக்கெட் கிழிச்ச மனுசனுக்கு அவ்வளவு பெரிய வீடோ?" என்று கேட்டார்.

"பெண்சாதியின்ர வீடாம்" என்றேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

இரண்டாம் கிழமை, சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தான் பாதிரியாராக இருந்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அயர்லாந்தில், மழை விடாத ஒரு ஊரில். பங்கு மக்கள் தன்னை வெறுத்தார்கள் என்றும், கடைசித் திருப்பலிக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்தார் என்றும் சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. பாதிரியாராக இருந்துவிட்டுக் கல்யாணம் கட்டியிருக்கிறாரே என்று ஒரு சங்கடமும் வந்தது. அடுத்த மாதம், பாலைவனத்தில் தான் இராணுவ வைத்தியராக இருந்தபோது மயக்கமருந்து தீர்ந்துபோன கதையைச் சொன்னார். ஒரு சிப்பாயின் காலை எப்படி அறுத்தேன் என்று மேசை விளிம்பில் கையை வைத்து இழுத்துக் காட்டினார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது நடுங்கும் அதே கை.

கணவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வருடங்களைக் கூட்டிப் பார்த்தோம். குருமடத்தில் இத்தனை, வைத்தியப் படிப்புக்கு இத்தனை, வங்கியில் குமாஸ்தாவாக இத்தனை, சிறையில் எட்டு.

"இவ்வளவுக்கும் ஒரு மனுசன்ரை ஆயுசு காணாது. ஒண்டில் அந்தாளுக்கு விசர், இல்லாட்டி உமக்கு இத்தாலியன் விளங்கேல்லை" என்றார் கணவர்.

இரண்டாவதுதான் காரணம் என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசும்போது வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மிக நிதானமாக, மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "என் முதல் மனைவிக்கு நான்தான் விஷம் வைத்தேன். சூடான பாலில். அவள் நன்றி சொல்லிக் குடித்தாள்."

அது எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அன்றிலிருந்து அவர் எனக்கென்று போட்டுத் தரும் கோப்பியை, அவர் பார்க்காத நேரத்தில் குழாயடியில் ஊற்றினேன். ஆனால் அவர் மேல் வெறுப்பு வரவில்லை. அதுதான் எனக்கே விளங்காதது. அதற்கு முந்தின மாதம் அவர் தன் மகளைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கிப்போன மகள். சிவப்புச் சப்பாத்து ஒன்று மட்டும் கரையில் கிடந்ததாம். அதைச் சொன்னபோது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். ஒவ்வொரு ஞாயிறும் கோவிலில் அந்தப் பிள்ளைக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். தகப்பன் கொலைகாரன் என்பதற்காகப் பிள்ளையை விட முடியுமா?

கடைசியில் பயம் தாங்காமல் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போனேன். விஷத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் நடிகர். உங்களுக்குத் தெரியாதா? நாற்பது, ஐம்பது படம் நடித்திருக்கிறார். நான் சொன்னேனே" என்றார். அடுத்த நாள் ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெட்டுகளைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

அந்தக் கோடை முழுவதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் பார்த்தோம். தெளிவு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முதல் படத்தில் முக்கால் மணி நேரம் நான் கதாநாயகனைப் பார்த்து, இவர்தான் போலிருக்கிறது, இளமையில் நல்ல வடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் அவன் இல்லை. அவனுக்குக் கோட்டை மாட்டிவிடுகிறவன்" என்றார்.

அடுத்த படத்தில் அவர் கொழுத்த நீதிபதி. அதற்கடுத்ததில் கன்னம் ஒட்டிய கைதி. மூக்குக்கூட மாறியிருந்தது. எந்தப் படத்திலும் அவராகவே தன்னைச் சுட்டிக் காட்டும்வரை எனக்கு அவரைத் தெரியவில்லை. அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. நான் மரியாதைக் குறைவாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று பயந்திருந்தேன்.

குரலும் அவருடையது இல்லை. எல்லாப் படத்துக்கும் இத்தாலியனில் வேறு யாரோ பேசியிருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர். "இந்த நாட்டில் என் குரலை ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் பல்லரோ சந்தையில் மீன் வாங்கப் போனால் நிம்மதியாக இருக்கிறது" என்றார்.

ஒரு படத்தில் அவர் இந்தியராக வந்தார். முகத்துக்கும் கைக்கும் கறுப்புப் பூசி, தலைப்பாகை கட்டி, ஒரு வெள்ளைக்காரத் துரையின் வீட்டுச் சமையல்காரராக. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தப் பூச்சைப் பார்த்தபோது வந்ததுதான். ஆனால் துரை ஏதோ கேட்க, அந்தச் சமையல்காரர் ஓம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் தலையை ஆட்டிவிட்டு, துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். என் தாய்மாமன் அப்படியே செய்வார்.

"இதை யாரிடம் பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

"லண்டன் துறைமுகத்தில் ஒரு மனிதர். மூன்று நாள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெயர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்."

அந்தப் பதிலையும் நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த ஏரிப் படம் வந்தது. சிவப்புச் சப்பாத்தைக் கண்டதும் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். எட்டு மாதம் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். ஒரு சினிமாக்காரப் பிள்ளைக்கு. அந்தச் சிறுமி இப்போது எங்கேயாவது பேரப்பிள்ளைகளோடு இருப்பாள். அவர் பின்னால் வந்து கதவடியில் நின்றார்.

"நான் பொய் சொல்லவில்லை. அந்த வருடம் எனக்கு அப்படித்தான் இருந்தது" என்றார்.

"உங்களின் மகள் செத்துப்போனாள் என்றுதான் எனக்குச் சொன்னீர்கள், சின்யோரே."

"ஆம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. வைத்தியர் அவருக்கு மறதி தொடங்கிவிட்டது என்றார். வழக்கறிஞர், நடிகர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்றார். எது சரி என்று ஆராய எனக்கு நேரமில்லை. என்ன சொன்னாலும் "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு வசந்த காலத்தில், "வியாழக்கிழமை என் மகன் வருகிறான்" என்றார்.

"அப்படியா, நல்லது."

ஒரு கிழமையாக அதையே சொன்னார். மகன் வந்தால் என்ன சமைப்பது என்று கேட்டார். பெட்டியில் இருந்த படங்களில் மகன்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் போரில் செத்தவன், ஒருவன் தகப்பனை வீட்டைவிட்டுத் துரத்தியவன், மூன்றாமவன் யாரென்று ஞாபகமில்லை. இதில் யார் வருகிறார் என்று மனதுக்குள் சிரித்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். காது மந்தம், குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வாசல் மணி அடித்தது. சுவரிலிருந்த வாசல்பேசியை எடுத்தேன். ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில், "நான் அவருடைய மகன்" என்றது.

வழக்கறிஞர் எனக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார், தெரியாத ஆட்களை மேலே ஏற்ற வேண்டாம் என்று. உறவினர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு ரசிகர் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு போனாராம். அது நினைவுக்கு வந்தது. என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், "இல்லை. ஒருவரும் இல்லை. போங்கள்" என்றேன். மறுபடி மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. யன்னலால் பார்த்தபோது, தலை நரைக்கத் தொடங்கிய ஒருவர் பெட்டியோடு சந்தின் நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

கிழவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பொழுதுபடும்வரை கூடத்தில் இருந்தார். "ஒருவரும் வரவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, சின்யோரே."

தலையாட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். அவர் எதையும் தொடவில்லை. இது எந்தப் படம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை வழக்கறிஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் கல்யாணத்தில் பிறந்த மகன் உண்மையாகவே இருக்கிறார். தகப்பன் தாயை விட்டுவிட்டு இந்த ஊர்ப் பெண்ணிடம் வந்த நாளிலிருந்து பேச்சில்லை. இப்போது இரண்டு பேரும் கடிதம் எழுதி நாள் குறித்திருக்கிறார்கள். தான் இறந்துபோன சித்தியின் பக்கம் நிற்பேன் என்று பயந்து இருவரும் தனக்குச் சொல்லவில்லை என்றார். வாசலிலிருந்து திரும்பிப்போன மகன் காலையில் தனக்குத் தொலைபேசி எடுத்தபிறகுதான் தெரியுமாம். பொலிதேயாமாவுக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் இருக்கிறார், மத்தியானம் விமானம்.

கீழ்வீட்டுச் சின்யோராவை வந்து கிழவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுச் செருப்போடு வியா மக்வேதா நீளத்துக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் சொற்களைத் தேடிக்கொண்டே போனேன். அவர் வரவேற்பு மேசையில் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திகைத்தார்.

"நேற்றுக் கதவு நான்" என்றேன். "மன்னிக்க வேண்டும். நீங்கள் சினிமா என்று நினைத்தேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. "அவர் சொன்னார், நீங்கள் வருகிறீர்கள் என்று. ஒரு கிழமையாகச் சொன்னார். நான் நம்பவில்லை."

"அவர் சொன்னாரா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும்."

அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தகப்பன்தான் மனம் மாறி அப்படிச் சொல்லச் சொன்னார் என்று நினைத்ததாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப் பெட்டியை எடுத்தார். என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தார்.

கிழவர் கதவடிக்கு வந்தார். மகனைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "இவர் யார்?" என்று இத்தாலியனில் கேட்டார். மறதியா, கோபமா, விளையாட்டா? மகனுக்கு இத்தாலியன் தெரியாது, அது ஒன்றுதான் புண்ணியம். "உங்கள் மகன், சின்யோரே" என்றேன். "அப்படியா, நல்லது" என்றார். என்னுடைய அதே தொனியில். பிறகு மகனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் கூடத்தில் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசியதில் எனக்குப் பாதிக்கும் மேல் பிடிபடவில்லை. இடையில் ஒருவர் அழுத சத்தம் கேட்டது, யார் என்று குசினியிலிருந்து சொல்ல முடியவில்லை.

மகன் பதினொரு நாள் நின்றார். அதற்குப் பிறகு வருடத்தில் இரண்டு முறை வந்தார். ஒரு நாள் என்னிடம், அப்பா தன்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். மதிலிலிருந்து விழுந்து கை முறிந்த ஒரு பையனைப் பற்றி அவர் சொன்னது நினைவில் இருந்தது. பெட்டியில் அப்படி ஒரு படம் இல்லை. ஆசையோடு சொன்னேன்.

"என் கை முறியவில்லையே" என்றார். "அது யாருடைய கையோ."

2008இல் மகன் அவரை இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கார் ஏறும்போது கிழவர் எனக்குக் கைகொடுத்து, நல்ல ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். வசனமாக இருக்கலாம். நான் தலையாட்டினேன்.

அந்த வருடம் நத்தார் பண்டிகைக்கு மகன் தொலைபேசி எடுத்தார். அப்பா சுகமாக இருக்கிறார், ஆனால் ஆளை அடையாளம் காண்பது குறைந்துவிட்டது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள்தான் எல்லாப் படமும் பார்த்தவர். அவர் தினமும் ஒரு கதை சொல்கிறார். சண்டை தொடங்கி, ஊரைவிட்டு ஒரு மீன்பிடிப் படகில் ஏறுகிறாராம். தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாராம். படகோட்டி அதைக் கடலில் போடச் சொன்னானாம், இவர் மாட்டேன் என்றாராம். அது எந்தப் படம்?" என்று கேட்டார்.

நான் ஒரு முறை, அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் நித்திரை என்று நினைத்து, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்ன கதை அது. மன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு நான் வந்த கதை.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "உம்மடை கதையை அந்தாள் தன்ரை எண்டு சொல்லித் திரியுது. நீர் பேசாமல் இருக்கிறீர்" என்றார்.

"நல்லாச் சொல்லுறாராம்" என்றேன். "படகுக்காரனைப் போலவும் கதைச்சுக் காட்டுறாராம்."