பெரியப்பாவின் தோளும் இரண்டு துப்பாக்கிகளும்

அன்பு மக்களே, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே,

உங்கள் பெரியப்பா கண்மூடி ஓராண்டு ஆகிறது. வீட்டுக்கு ஒருவர் எழுத வேண்டும் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு எழுதத் தெரிந்தது அவரும் அவர் துப்பாக்கியும்தான்.

பெரியப்பா பிறந்தது புதுச்சத்திரத்தில். பங்கு பிரிந்து நிலம் சுருங்கியதால், தாத்தா அண்ணன் தம்பி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ராசிபுரத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்துக்கு வந்தார். கடலையும் குச்சிக்கிழங்கும் வைத்தோம். மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கினால் விடிவதற்குள் கடலைக்காடு உழுது போட்டது போல் கிடக்கும். அதற்காகத் தாத்தா லைசென்சு எடுத்து, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கினார். தாத்தாவுக்குப் பின் லைசென்சு பெரியப்பா பேருக்கு வந்தது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. இராக்காவலும் அவர் தலையில் விழுந்து, அன்றோடு அவருக்கு உறக்கம் போனது.

அந்தத் துப்பாக்கியை நீங்கள் பார்த்ததில்லை. மூடினால் கனத்த கதவு சாத்துவது போல் மெதுவாக ஒரு சத்தம்; மூடிய இடத்தில் மயிரிழை நுழையாது. திருகாணிகளின் கீறல்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். பக்கத் தகட்டில் செதுக்கிய கவுதாரிக்கு இறகு இறகாகக் கோடு இருக்கும். ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்தால், அதைப் பார்க்கவே அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வருவார்கள்.

ஆனால் சுட்ட மறுநாள் பெரியப்பாவால் சட்டை போட முடியாது. பெரியம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "பன்னிக்கு அடி பட்டுதோ என்னமோ, இந்த மனுசனுக்குத்தான் தெனமும் படுது" என்பார்கள். எழுபதுகள் முழுக்க இப்படியே ஓடியது. கடைசியில் வலது கை தலைக்கு மேல் எழவில்லை. அவர் கை விழுந்தால் பயிருக்குக் காவல் இல்லை. பயிர் போனால் இரண்டு குடும்பத்துக்கும் சோறு இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் இருவரும் அதை எடுத்துக்கொண்டு சேலத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். அதே அமைப்பில் நம் நாட்டுத் தொழிற்சாலையில் செய்த புதியது ஒன்று இருந்தது. லைசென்சில் ஒன்றுக்குத்தான் இடம்; அதை எடுத்தால் பழையதைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புதியதில் அரம் தேய்த்த தடம் தெரிந்தது. திருகாணிகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. வார்னிஷ் வடிந்து காய்ந்திருந்தது. மூடினால் தகர டப்பா சத்தம்.

கடைக்காரர் பழையதைத் தடவிக்கொண்டே, "ஏனுங்க, எனக்கு லாபந்தான். ஆனாலும் சொல்லோணுமில்லீங்க. இதக் குடுத்துட்டு அதையா எடுக்கறீங்க?" என்றார்.

"வேண்டாமுங்கண்ணா, ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றேன் நான்.

பெரியப்பா பழையதை எடுத்து அதன் பின்கட்டையைத் தோளில் வைத்தார். "இங்க பாரு சாமி. கட்டை எனக்கு ரெண்டு வெரக்கடை நீளம். கழுத்த நீட்டித்தான் குறி பாக்கறேன். சுட்டா ஒதை தோள்ல உழுகாம மூட்டுல உழுகுது. இது அந்தத் தொரைக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை. இத்தன வருசமா நான் போட்டுக்கிட்டுத் திரியறேன்."

"அப்பப் புதுசு மட்டும் உங்க அளவுங்களா?"

"அது யாரோட அளவுமில்ல. வெறுங்கட்டை. மிச்சத்த நாமளே சீவிக்கலாம்."

புதியதோடு திரும்பினோம். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பிலேயே மறித்தார். "என்னங்க, குதிரையக் குடுத்துட்டுக் கழுதைய ஓட்டியாந்துட்டீங்களாமா?"

"கழுதைதானுங்க. ஆனா ஒதைக்காத கழுதைங்க" என்றார் பெரியப்பா.

களத்தில் உட்கார்ந்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, தோளில் வைத்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார். அடிக்கட்டையில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். நியாயமாகச் சொன்னால், மறு வருடமே அதன் இடது விசை மக்கர் செய்தது. பழையது ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு யாரும் பார்க்க வரவில்லை. ஆனால் பெரியம்மா ஒத்தட உப்பைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார்கள். கடலை வீடு வந்து சேர்ந்தது. நீங்கள் படித்தது அதில்தான்.

கடைசி நாட்களில் மூச்சு வாங்கிக் கட்டிலோடு கிடந்தார். "பன்னி எறங்குச்சாடா?" என்று பகலிலும் கேட்பார். "இல்லீங்கண்ணா, தூங்குங்க" என்பேன். அப்படியே தூங்கிப்போனார். குளிப்பாட்டும்போது பார்த்தேன், தோள் மூட்டில் அந்தப் பழைய கறுப்பு மட்டும் போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கார் கொடுத்தவர்களுக்கும், மழையில் பந்தல் போட்டவர்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் கை கூப்புகிறேன். நீங்கள் யாரும் லைசென்சு கேட்டு அலைய வேண்டாம். காவல் காத்தது போதும், எனக்கும் அலுத்துவிட்டது.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனேன். ஏட்டு அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "யாருங்க கட்டையை இப்படிச் சீவினது? எனக்குத் தோள்லயே நிக்க மாட்டேங்குதே!"

"நிக்காதுங்க. அது எங்கண்ணனோட அளவுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.