கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி

பங்குனி வெயில் ஏறுமுன் செத்திப்பூப் புதருக்குள் குனிந்தேன். முற்றம் முழுக்கப் பூ: மந்தாரை, சங்குப்பூ, தலைக்கு மேல் கொன்றையின் மஞ்சள். எதைப் பார்ப்பது, எதை விடுவது? அந்த அவசரத்தில் காய்ந்த கம்பொன்று வலக்கண்ணில் சுரீரென்று குத்தியது. கசக்கிவிட்டு மறுபடியும் பூப் பார்க்கப் போனேன். அப்படித்தான் தொடங்கியது.

மறுநாள் கண் சிவந்தது. எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கம் கண்ணுக்கு முதல் வைத்தியம் நந்தியாவட்டைப் பூதான். அடுத்த வீட்டிலிருந்த மைனி, என் அண்ணன் மனைவி, என் தோட்டத்துப் பூவையே ஊறவைத்த தண்ணீரோடு வந்தாள்.

“கண்ணத் தொற மக்கா. ஐஸாக்கும்.”

ஐஸ்தான். அந்தக் குளிர்ச்சியைக் குணம் என்று நம்பி நாட்களை விட்டோம். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தபிறகே திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

கருவிழிப் புண் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடியைப் பூஞ்சை அரிப்பது) என்றார் டாக்டர். கண்ணில் ஊற்றியதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுவே பயமாக இருந்தது. “ஓட்டை விழுந்தால் கண்ணை எடுக்க வேண்டிவரும்,” என்றார்.

மணிக்கொரு சொட்டு மருந்து, இரவும் பகலும். வெளிச்சம் ஊசியாய்க் குத்தியதால் ஜன்னலை அடைத்தோம்.

“கோழிக்குஞ்சு வாயத் தொறக்கிய மாதிரில்லா நீ கண்ணத் தொறக்கிய,” என்பார் என் வீட்டுக்காரர். சொட்டு விட்டதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் மைனி மறுபடியும் கிண்ணத்தோடு வந்தாள். வலியில் பல்லைக் கடித்துக் கிடந்தேன்.

“ஒரு சொட்டு மட்டும். எங்க அம்மைக்கு இதுலயாக்கும் தெளிஞ்சுது.”

அந்தக் குளிர்ச்சிக்கு என் உடம்பே ஏங்கியது. உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டேன். “வேண்டாம் மைனி. கண்ணு போயிரும்.”

“அப்போ எனக்க கை விஷமா?”

கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“அழாத, எட்டி. எந்தக் குப்பியாக்கும்? காட்டு.”

ஆஸ்பத்திரி மருந்தைத் திட்டிக்கொண்டே விட்டாள். அன்றிலிருந்து பகல் முறை அவளுடையது.

புண் ஆறியது. தழும்பு தங்கி அந்தக் கண் மங்கிவிட்டது. இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளப்பது நின்றுபோனது. அடுத்த பங்குனியில் முற்றத்தில் இறங்கிப் பிச்சிப்பூவைத் தொடப்போனேன். விரல்கள் பூவுக்கு முன்பே காற்றில் மூடிக்கொண்டன. இப்போது பழகிவிட்டது. கையை நீட்டி, நிறுத்தி, இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். இதழ் தானாக வந்து படும்வரை எந்த அவசரமும் இல்லை.